நாலுசில்லும் பெட்டி வண்டியும்

வாகன விஷயத்தை முருகனிடம் கேட்கப் போனதே முதல் பிழை. அவருடைய வாகனம் மயில். அதில் ஒரு ஆள்தான் இருக்கலாம். எங்கள் சாமியறைப் படத்தில் அவர் மயிலில் சாய்ந்து வசதியாக இருக்கிறார். வள்ளி ஒரு பக்கம் நிற்கிறாள், தெய்வானை மறுபக்கம் நிற்கிறாள். இரண்டு பேருக்கும் இருக்க இடமில்லை என்பது அவருக்கு ஒரு குறையாகப் பட்டதாகவே தெரியவில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், ஒருவர் போகும் வண்டி வாங்கவா, இருவர் போகும் வண்டி வாங்கவா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? இது எனக்குக் கோயிலில் நிற்கும்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்தது ஆஸ்பத்திரியில், கைக்கு மாவுக்கட்டுப் போடும்போதுதான்.

தோட்டம் என்னுடைய யோசனை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. கியூபெக்கில், டொலார்டில் எங்கள் வீட்டின் பின்வளவில் நான் பாகலும் கத்தரியும் வைத்துப் பழகியவள். மார்ச் மாதம் வெளியே முழங்காலளவு பனி கிடக்கும்போது, வீட்டின் கீழ்த்தளத்தில் விளக்குப் போட்டு விதைகளை முளைக்க வைப்பேன். ஜூன் பிறந்து, இனிப் பனி விழாது என்ற பிறகு கன்றுகளை மண்ணுக்கு மாற்றுவேன். காய்த்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் செருப்புக் கழற்றும் இடத்திலேயே முடிந்துவிடும். கடைப் பாகற்காய் விமானத்தில் வந்து களைத்துப்போன பாகற்காய். விமானத்தில் வரும் சாப்பாட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில்தான் எனக்கு வேலை.

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை இருந்தது. அதை மூடிவிட்டார்கள். ஒரு பனிக்காலம் முழுக்க மனிதர் டிவிக்கு முன்னால் இருந்தார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பத்திக்கொண்டும் வந்தது. "ஒரு காணி குத்தகைக்கு எடுப்பம், நான் சொல்லித்தாறன், நீங்கள் செய்யுங்கோ" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு போய்ப் பார்த்தார். காணி எடுத்த மூன்றாம் மாதமே தெரிந்தவர்களிடம் "என்ட தோட்டம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

காணி, நாங்கள் இருக்கும் தீவுக்கு வெளியே, பாலம் தாண்டி மேற்குப் பக்கம். இந்த மாகாணத்தில் பழைய தோட்டக் காணிகளை ஒரு விதமாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். றோட்டில் நின்று பார்த்தால் நாலு வீட்டு முகப்பு அளவுதான் அகலம். ஆனால் பின்னால் போனால் போய்க்கொண்டே இருக்கும். றோட்டோரம் ஒரு கொட்டில், அதில் காய்களைக் கழுவித் தரம் பிரிப்போம். மறு அந்தத்தில் ஒரு ஓடை, அதில் தண்ணீர்ப் பம்பு. ஓடைக்கரையில் வரிசையாக உயர்ந்த மரங்கள். அந்த மரங்கள் காற்றை மறிக்கும் என்று கண்டு, அந்த இடத்தில்தான் நான் பாகலுக்குப் பந்தல் போட்டேன். தேவதாருக் கம்பு ஊன்றி, வலை இழுத்து, முடிச்சு ஒவ்வொன்றும் என் கையால் போட்டது. பாகல் காற்றுக்குப் பயந்தது. மற்ற எல்லாம் நடுக்காணியில் எப்படியும் வளரும், பாகல் மட்டும் அங்கேதான் வரும்.

முதல் வருஷம் நடந்தோம். பல வருஷம் சீமெந்துத் தரையில் நின்று தட்டு அடுக்கியதில் என் இடது முழங்கால் தேய்ந்து கிடந்தது. ஓகஸ்ட் பிறந்தபோது, கொட்டிலிலிருந்து பந்தலுக்குப் போய் வருவதற்குள் நடுவழியில் வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருக்க வேண்டியதாயிற்று. இவர் தள்ளுவண்டியோடு தாண்டிப் போவார்.

"நீர் இரும், நான் போட்டு வாறன்" என்பார்.

அன்பாகத்தான் சொன்னார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவர் பாகற்காய் பறிக்கிற விதம் எனக்குத் தெரியும். கத்தரிக்கோலால் காம்பை வெட்ட வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னாலும் கையால் இழுப்பார். கொடி தோலோடு கிழிந்து வரும். பெட்டியில் காயைப் பார்த்தவுடனேயே கொடி பட்ட பாடு எனக்குத் தெரிந்துவிடும். இப்படியே இன்னொரு வருஷம் போனால் நான் கொட்டிலில் இருந்து கீரை கட்டுகிறவளாக மிஞ்சுவேன், தோட்டம் என் கையை விட்டுப் போய்விடும் என்று அந்த வாளியில் இருந்தபோதுதான் விளங்கியது. பந்தலடிக்குப் போக எனக்கு ஒரு வாகனம் வேண்டும்.

அந்தப் பனிக்காலம் எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. இரண்டு விதமான வண்டி இருந்தது. ஒன்று நாலு சில்லு வைத்த மோட்டார் சைக்கிள் மாதிரி, கால்களை இருபுறமும் போட்டு ஏறி இருந்து ஓடுவது. நாங்கள் அதை நாலுசில்லு என்றோம். மற்றது சின்னக் கார் மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, இடுப்புப் பட்டி, தலைக்கு மேல் இரும்புக் கூடு, பின்னால் சரித்துக் கொட்டக்கூடிய ஒரு பெட்டி. அது பெட்டி வண்டி. எனக்கு வேண்டியது பெட்டி வண்டி. இவருக்கு நாலுசில்லு.

இவருடைய நியாயங்களும் நியாயங்கள்தான். நாலுசில்லு ஒடுக்கம், இரண்டு பயிர் வரிக்கு நடுவே போகும். பாரமில்லை, ஈரமண்ணில் புதையாது. நின்ற இடத்திலேயே திரும்பும்.

"உம்மட பெட்டி வண்டி திரும்பிறதுக்கு மட்டும் ஒரு வீட்டுக் காணி வேணும். எத்தினை கத்தரிக் கண்டைப் பிடுங்கிறது?" என்று கேட்டார்.

"பெட்டியளை எதில ஏத்துவியள்? உங்கட தலையிலயோ?"

"பின்னுக்குச் சின்ன இழுவைப் பெட்டி பூட்டலாம்."

"நான் எங்க இருக்கிறது?"

"பின்னால இருமன். இடமா இல்லை?"

உண்மையில் அவர் கண் முன்னால் தோட்டமே இல்லை. இளவயதில் யாழ்ப்பாணத்தில் இவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதைப் பற்றி இப்போதும் பேசுவார், என்னைப் பெண்பார்க்க வந்ததைப் பற்றி அவ்வளவு பேசமாட்டார்.

நெடுஞ்சாலையோரம் இருந்த விற்பனைக் கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். விற்பவர் வயதான கியூபெக்காரர், பிரெஞ்சு மட்டும்தான். வந்த புதிதில் நான் இரவு வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தேன். இவர் ஒரு கிழமை வந்துவிட்டு, மூக்கால் கதைக்கிற பாஷை வேண்டாமென்று நின்றுவிட்டார். அதனால் அந்த மனிதர் இரண்டு வண்டியைப் பற்றியும் என் முகத்தைப் பார்த்தே விளக்கினார். பெட்டி வண்டியை "கோத்-ஆ-கோத்" என்றார், பக்கம் பக்கமாக இருந்து போவது என்று அர்த்தம். நாலுசில்லின் பிடியில் வேகம் கூட்டும் ஒரு சின்ன நெம்புகோலைக் காட்டி, "இதைப் பெருவிரலால் அமத்தினால் போதும் மதாம், காலுக்குப் பெரிய வேலையில்லை, உங்களுக்கு வெகு சுலபம்" என்றார். பிறகு பின்பக்க இரும்புத் தட்டைக் கையால் தட்டி, கடுமையான முகத்தோடு இன்னொன்று சொன்னார். நான் எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன்.

"பின்னால ஆள் இருக்கவே கூடாதாம். அது சாமான் வைக்கிற தட்டாம். ஓடுறவர் முன்னுக்கும் பின்னுக்கும் அசைஞ்சு பாரத்தைச் சரிக்கட்ட வேணுமாம், இன்னொராள் இருந்தா ஏலாதாம். ஏத்தத்தில பிரளுமாம்."

"அவன் பெரிசை விக்கப் பாக்கிறான். உமக்கு உந்த வியாபாரக் கதை விளங்காது" என்றார் இவர். "ஊரில மோட்டார் சைக்கிளில புருசன், மனிசி, ரெண்டு பிள்ளையள் போகேல்லையே? பிரண்டு விழுந்தவையோ?"

மொழிபெயர்த்தவள் நான், ஏறி இருந்து பார்த்தவர் அவர். கடைக்காரர் என்னையும் ஏறச் சொல்லிக் கை காட்டினார். நான் சிரித்துவிட்டு வேண்டாமென்றேன். இவர் நாலுசில்லில் இருந்து பிடியைத் திருகுவதும் எதிர்க் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதுமாக இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் கார் ஓட்டியது நான்தான், பனி கொட்டியதால்.

பிறகும் இரண்டு கிழமை இழுபட்டது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இவர், "முருகனிட்டக் கேப்பம். அவர் சொன்னபடி செய்வம்" என்றார். பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்குப் பார்ப்பார்கள், சத்திரசிகிச்சை செய்யவா விடவா என்று பார்ப்பார்கள். வண்டிக்குப் பார்த்தது நாங்கள்தான் முதலாக இருக்கும். சிவப்பு ரோசா வந்தால் பெட்டி வண்டி, வெள்ளைச் செவ்வந்தி வந்தால் நாலுசில்லு. இரண்டையும் ஒரே மாதிரிக் கடதாசியில் நானே மடித்தேன், எது எதுவென்று எனக்கே தெரியாதபடி கலக்கினேன். சன்னிதியில் வைத்துக் கும்பிட்டோம். பக்கத்தில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். அது இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சா!", அதாவது "இது!" என்று பிரெஞ்சில் சொல்லி, ஒன்றின் மேல் விரலை வைத்தது.

வெள்ளை.

இவர் கன்னத்தில் போட்டுக்கொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டும். நானும் போட்டுக்கொண்டேன். முருகனுக்கு மேல் என்ன கதை? அதோடு என் முழங்கால், கடைக்காரர் சொன்ன புத்தி, நான் வைத்த அத்தனை நியாயமும் போயிற்று. யார் கேட்டாலும் இவர், "முருகன் தந்த வண்டி" என்பார். இவர் தான் விரும்பி வாங்கியதாக ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது யோசித்தால் அந்தப் பூவின் பலன் அதுதான். பிழைத்தால் பொறுப்பெடுக்க ஆள் இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கலாம்.

கோடை வந்தது. நான் பின் தட்டில் ஒரு பழைய மெத்தைத் துண்டைப் போட்டு, ஊரில் மோட்டார் சைக்கிளில் இருந்தது போலவே இரண்டு காலையும் ஒரு பக்கம் தொங்கவிட்டு, ஒரு கையால் தட்டையும் மறு கையால் இவருடைய சட்டையையும் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த மண்ணில் அப்படி ஒருத்தி போவதை அதற்கு முன் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். பக்கத்துக் காணிக்காரர் உழவு இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தார், தலையை ஆட்டினார். இவர் அவருக்குக் கை காட்டினார். சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பந்தலடியில் இறங்கும்போது கால் நோகாமல் இறங்கினேன். பாகல் அந்த வருஷம் கை மறைய இலை விட்டுக் காய்த்தது. என் கத்தரிக்கோலால் காம்பு காம்பாக வெட்டினேன். அந்தச் சில கிழமைகள் முருகன் சொன்னது சரிதானோ என்று கூட நினைத்தேன்.

நடுக்காணியில் ஒரு வாய்க்கால் குறுக்கே போகிறது. அதன் மேல் குழாய் வைத்து மண் மூடி ஒரு சின்ன ஏற்றம் இருக்கும். ஒரு நாள், அதற்கு முதல் நாள் மழை பெய்திருந்தது. பின்னால் நான், எனக்குப் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் காய். இவர் வேகம் குறைந்தால் சில்லு சறுக்கும் என்று ஏற்றத்தில் பெருவிரலால் அமத்தினார். முன் சில்லு இரண்டும் மேலே கிளம்பியது. இவருடைய முதுகு என் மேல் சாய்ந்தது மட்டும் நினைவு. இவர் குதித்துவிட்டார். நான் வாய்க்கால் கரையில் கையை ஊன்றி விழுந்தேன், வலது கை. நாலுசில்லு பக்கவாட்டில் சரிந்து, சில்லு சுற்றிக்கொண்டே கிடந்தது.

என்னைத் தூக்கினார், முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. அந்த நேரம் அவருக்கு உண்மையாகவே பயம். காரில் ஏற்றிப் பாலம் தாண்டும்வரை "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவசரப் பிரிவில் இருக்கும்போதுதான், மூச்சு ஒழுங்குக்கு வந்த பிறகு, சொன்னார்.

"நீர் ஒரு பக்கமா இருந்ததாலதான் பாரம் இழுத்தது. ரெண்டு பக்கமும் காலைப் போட்டு இருந்திருக்க வேணும்."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். படிப்பதற்கு ஒட்டாவாவில் இருக்கும் எங்கள் மகள் அன்று பின்னேரமே வந்துவிட்டாள். மணிக்கட்டு உடைந்திருக்கிறது, தகடு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை இவருக்கு விளக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்கள் தினமும் ஹைவேயில கார் ஓடுறனீங்கள்தானே?"

"ஓம்."

"ஸ்நோவிலயும் ஓடுறனீங்கள். அப்ப ஏன் பின்னால இருந்தனீங்கள்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்தார். ஒரு பனிக்காலம் முழுக்க இரண்டு பேரும் சண்டை பிடித்தோம், விற்பனைக் கடைக்குப் போனோம், கடவுளிடம் கேட்டோம், பூ மடித்தோம். ஒரு இடத்திலும் நான் ஓட்டலாம் என்ற பேச்சே வரவில்லை. பெருவிரலால் அமத்தினால் போதும், மதாம், உங்களுக்கு வெகு சுலபம் என்று அந்தக் கிழவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் அதைத் தமிழாக்கி இவரிடம் கொடுத்தேன். என் பெருவிரல் இப்போது மாவுக்கட்டுக்குள் இருந்தது. அன்று வந்த கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதில் பாதி யார் மேல் என்று கேட்காதீர்கள்.

பார்க்க வந்த சனம் எல்லாம் ஒரே வசனம் சொன்னது. "தலையில படேல்லை. முருகன்தான் காப்பாத்தினவர்." வண்டியைத் தந்தவரும் அவர், காப்பாற்றியவரும் அவர். நடுவில் விழுந்தது மட்டும் நான்.

அடுத்த வசந்தத்தில் இவர் நாலுசில்லைக் கொடுத்துவிட்டுப் பெட்டி வண்டியை வாங்கி வந்தார். பூக் கட்டவில்லை, என்னையும் கேட்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கோயிலில் வைத்துப் பத்துப்பேர் கேட்க, "மனிசிக்காகத்தான் வாங்கினனான். இனி அவவை நடக்க விடக் கூடாது" என்றார். பெண்கள் என்னைப் பார்த்து, "குடுத்து வைச்சனீங்கள்" என்றார்கள். நான் தகடு வைத்த கையால் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அந்த நேரம் என் மனதில் கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை. மனிதன் பிழையை வாயால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வண்டியாலாவது ஒத்துக்கொண்டானே என்று நினைத்தேன்.

அந்த மார்ச்சிலும் நான் கன்று போட்டிருந்தேன். வலது கை பிடிக்காது, இடது கையால் ஒவ்வொரு விதையாக எடுத்து வைத்தேன். கறுப்புத் தட்டுகளில் பாகல் இரண்டிலை, நாலிலை விட்டது. ஜூனில் இவர் தன் வான் வண்டியில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போனார். "இந்தமுறை நானே நட்டுவிடுறன், நீர் கையைப் பாரும்" என்றார்.

நான் வேலைக்குத் திரும்பினேன், பாரம் தூக்காத வேலை. லீவு செவ்வாயும் புதனும். தோட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இவரிடம் ஒரு காரணம் இருந்தது. மழை பெய்து சேறாய்க் கிடக்கிறது. இன்றைக்கு மருந்து அடிக்கிறேன். நாளைக்குப் பம்பைக் கழற்றுகிறேன். கத்தரிக்காய் வீட்டுக்கு வந்தது, மிளகாய் வந்தது, பாகற்காய் வரவில்லை.

"பாகல் என்ன மாதிரி?" என்று கேட்டால், "இந்த வருஷம் பிந்திப்போச்சு" என்பார்.

ஜூலையில் பிந்தியது. ஓகஸ்டிலும் பிந்தியது. செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினேன்.

இவர் கொட்டில் வாசலில் மிளகாய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பெட்டி வண்டி வாசலில் நின்றது. நான் அதைக் கிட்ட நின்று பார்ப்பது, கோயில் வளவில் அதற்குப் பூசை போட்ட நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தரம். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கத்தரிக்காய்ப் பெட்டி இருந்தது. அதற்கு இடுப்புப் பட்டி போட்டிருந்தது, சரியாக இழுத்து, கொளுவி.

"உதென்ன?" என்றேன்.

"நல்ல காய். பின்னுக்கு வைச்சா குலுங்கி நசிஞ்சுபோகும். அதுதான் பெல்ற்றைப் போட்டனான்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

நான் மறு பக்கம் சுற்றிப் போய் ஓட்டும் இருக்கையில் ஏறினேன். சாவி அதிலேயே இருந்தது.

"எங்க போறீர்?"

"பந்தலடிக்கு."

"இண்டைக்கு வேண்டாம். பேந்து போவம்."

"இண்டைக்குத்தான் போறன்."

"அப்ப பொறும், நானும் வாறன்."

"எங்க இருக்கப் போறீங்கள்?"

கத்தரிக்காய்ப் பெட்டியைப் பார்த்தார். அதைத் தூக்கி இறக்கலாம், ஒரு நிமிஷ வேலை. எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு அது தோன்றவில்லை.

"பின்னால பெட்டிக்க ஏறட்டே?"

"அதில ஆள் ஏறக் கூடாதாம். சாமான் வைக்கிறதாம்" என்றேன். "நடந்து வாங்கோ."

கால் மிதி காரில் இருப்பது போலத்தான். என் நல்ல வலது காலால் அமத்தினேன், போயிற்று. வாய்க்கால் ஏற்றத்தில் வண்டி ஆடாமல் ஏறி இறங்கியது. கத்தரி வரிகள், மிளகாய் வரிகள், முற்றிப்போன வெண்டி எல்லாம் பின்னால் போயின. நடுவில் நான் வாளியைக் கவிழ்த்து இருந்த இடமும் போயிற்று. இரண்டு வருஷமாக நான் கேட்டது இந்த ஐந்து நிமிஷம் மட்டும்தான்.

ஓடைக்கரையில் பந்தல் இல்லை.

கம்புகளைப் பிடுங்கி மரத்தடியில் அடுக்கியிருந்தது. வலையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்தது. பந்தல் நின்ற இடம் வெறும் தரை. அதில் சில்லுத் தடம் வட்டமாக, பல மாதம் ஓடி இறுகிப்போய்க் கிடந்தது. கம்புகளுக்குப் பக்கத்தில் என் கறுப்புத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. மேல் தட்டில் பாகல் கன்றுகள் நின்றபடியே காய்ந்திருந்தன. ஒன்றும் மண்ணைக் காணவில்லை.

இவர் வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. இளைத்துக்கொண்டு வந்தார், வேர்த்திருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் வந்து இரும்புக் கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது நாலுசில்லு மாதிரி இல்லை" என்றார். "திரும்ப இடம் காணாது. எங்கயாவது எடுக்கத்தானே வேணும்?"

நான் கறுப்புத் தட்டுகளைக் கையால் காட்டினேன்.

"கண்டுகளை வைக்க வேற இடமும் இருக்கேல்லை. பாகல் காத்துக்கு ஏலாதெண்டு நீர்தானே சொன்னனீர்." பிறகு, "நான் முதலே சொன்னனான்தானே, உது திரும்பிறதுக்கு ஒரு வீட்டுக் காணி வேணுமெண்டு. நீர்தான் உதைக் கேட்டனீர்" என்றார்.

உண்மைதான். நான்தான் கேட்டேன்.

சுக்கானை ஒரேயடியாக இடப்பக்கம் ஒடித்தேன். வண்டி என் பந்தல் நின்ற இடத்தில், அவர் போட்ட தடத்திலேயே, ஒரே சுற்றில் திரும்பியது. இன்னும் இடம் மிச்சம் இருந்தது. இவரை அங்கேயே விட்டுவிட்டு நான் கொட்டிலுக்கு ஓட்டி வந்தேன். கத்தரிக்காய் ஒன்றுகூட நசியவில்லை.